பின்னாலேயே வந்தது

தீவிலிருந்து திரும்பித் தன் தகட்டைத் திருப்பப் போனவள், பக்கத்தில் பன்னிரண்டாம் எண் ஏற்கெனவே திருப்பப்பட்டிருப்பதைப் பார்த்தாள்.

ரப்பர் படகிலிருந்து கப்பலுக்கு ஏறும் படிகளுக்கு எதிரே அந்தப் பலகை மாட்டியிருந்தது. இருபத்திரண்டு ஆணிகள், இருபத்திரண்டு தகரத் தகடுகள். ஆள் கப்பலில் இருந்தால் வெள்ளைப் பக்கம், இல்லாவிட்டால் சிவப்புப் பக்கம். யாரையும் தீவில் விட்டுவிட்டுக் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அவரவர் தகட்டை அவரவர்தான் திருப்ப வேண்டும். அவளுடையது பதினொன்று. பன்னிரண்டு அவளுடைய அக்காவுடையது. அக்கா இந்தக் கப்பலில் ஏறவே இல்லை.

பன்னிரண்டின் வெள்ளைப் பக்கம் ஈரமாக இருந்தது. அவள் அதைச் சிவப்புக்குத் திருப்பிவிட்டு, விரலைக் கப்பலில் கொடுத்த சிவப்பு ஜாக்கெட்டில் துடைத்தாள். அழுகிய மீனும் ஈர ரோமமும் கலந்த வாடை விரலிலேயே தங்கிவிட்டது.

"யாராவது தப்பா திருப்பியிருப்பாங்க மேடம்," என்றாள் வழிகாட்டி, பின்னால் வந்து பூட்ஸைக் கழுவியபடி. "கையுறை போட்டுக்கிட்டு ஒண்ணைத் திருப்பினா ரெண்டு திரும்பும்."

சரியான காரணம்தான். அவளும் சிரித்துவைத்தாள்.

அக்காவும் அவளும் இரண்டு வருடங்களாகத் திட்டமிட்ட பயணம் இது. சூரியன் முழுதாக மறையாத பருவத்தில், குளிர்ந்த கடலில், ஒரு சின்னக் கப்பலில் போய்க் கடல்நாய்களையும் பறவைகளையும் பார்க்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. அக்கா பள்ளியில் விலங்கியல் எடுப்பவள். வாழ்நாள் முழுக்கப் புத்தகப் படங்களைக் காட்டியே பாடம் நடத்தி அலுத்துப்போனவள். கிளம்பிய அன்றே புயல் வந்தது. விமானங்கள் வரிசையாக ரத்தாயின. பாதி வழியில், பெட்டிகளோடு தரையில் படுத்துக் கிடந்த கூட்டத்துக்கு நடுவே, கடைசி விமானத்தில் ஒரே ஒரு இருக்கை இருக்கிறது என்றார்கள். அக்கா அவள் முதுகில் கைவைத்துத் தள்ளியே விட்டாள். அதன்பிறகு அவள் இரண்டு விமானம் மாறி, ஆறு மணி நேரம் பேருந்தில் குலுங்கி, துறைமுகம் வந்து சேர்ந்தபோது கப்பல் அவளுக்காகவே காத்திருந்தது. இருபத்திரண்டு பயணிகளில் ஒன்பது பேர்தான் வந்து சேர்ந்திருந்தார்கள். அவள் தனியாக வந்ததற்காக ஒருவரும் குறை சொல்லவில்லை. ஆனாலும் எதைப் பார்த்தாலும், இது அக்கா பார்த்திருக்க வேண்டியது என்று உள்ளே ஒன்று நச்சரித்துக்கொண்டே இருந்தது.

இன்று தீவிலும் அதுதான் நடந்தது. கரை முழுக்கக் கடல்நாய்கள், குட்டிகளும் தாய்களுமாக நூற்றுக்கணக்கில் கத்திக்கொண்டிருக்க, அவள் கூட்டத்தைவிட்டு விலகி, கரும்பாறைகளின் பிளவருகே போய் உட்கார்ந்தாள். அவள் துறைமுகத்தில் இருந்தபோது, விமான நிலையத்திலிருந்து அக்கா அனுப்பிய குரல்பதிவு கைபேசியில் இருந்தது. இரைச்சலில் கேட்கவில்லை என்று ஒலியை முழுதாகக் கூட்டிவைத்துப் போட்டாள்.

"நீ முன்னாடி போடி. நான் பின்னாலேயே வந்துடறேன்."

அவ்வளவுதான். பிறகு அக்காவின் வறட்டு இருமல், விமான நிலைய அறிவிப்பு மணி, எங்கோ ஒரு தள்ளுவண்டிச் சக்கரத்தின் கிறீச். மனம் கேட்காமல் மறுபடி போட்டாள். மறுபடியும். மூன்றாவது முறை, அவள் ஒலியை மேலும் கூட்டாமலே பதிவு தெளிவாகக் கேட்டது. ஏன் என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

சாப்பாட்டு அறையில் எல்லோரும் ஒரே நீள மேசையில் உட்கார்ந்தார்கள். எதிரே ஓய்வுபெற்ற தபால்காரர். தன்னைவிடப் பெரிய தொலைநோக்கியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, பார்த்த பறவைக்கெல்லாம் முகவரி சொல்லிக்கொண்டிருப்பவர். சமையல்காரர் சூப்பைப் பரிமாறிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார். காலி நாற்காலிக்கு முன்னாலும் ஒரு கிண்ணம் வைத்தார்.

"இது யாருக்கு?" என்றாள்.

"உங்க அக்காவுக்கு மேடம். சாப்பிட வரலையா? உடம்புக்கு முடியலையா?"

"அக்கா வரவே இல்லையே. அவங்க ஃப்ளைட் ரத்தாயிடுச்சு."

சமையல்காரர் கரண்டியோடு நின்றார். "அப்ப உங்க ரூமுக்குள்ள போனது யாரு? சிவப்பு ஜாக்கெட், தலைல ஹூட். அடுப்படி வாசல்ல இருந்து பார்த்தேனே. தரையெல்லாம் தண்ணி. நான்தான் துடைச்சேன்."

"இங்க எல்லாரும்தான் சிவப்பு ஜாக்கெட்," என்றார் தபால்காரர். "ஹூட்டைப் போட்டா என் பொண்டாட்டிக்கே என்னை அடையாளம் தெரியாது. அதுக்காகத்தான் போட்டுக்கறேன்."

மேசை சிரித்தது. வழிகாட்டி மட்டும் சிரிக்கவில்லை. ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, யாரிடமும் இல்லாமல், "திரும்பி வரும்போது படகுல பத்து பேர் எண்ணினேன்," என்றாள். "ரெண்டு தடவை எண்ணினேன்."

"ஒண்ணு குறைஞ்சாத்தானேம்மா பயப்படணும்," என்றார் தபால்காரர். "கூடினா என்ன?"

அதற்கும் சிரித்தார்கள். முன்னதைவிடக் கொஞ்சம் குறைவாக.

அறையில் இரண்டு படுக்கைகள், நடுவே ஒரு முழ இடைவெளி, காலடியில் குளியலறைக் கதவு. அக்காவுக்கென்று கப்பல்காரர்கள் மடித்துவைத்திருந்த ஜாக்கெட்டைக் காணவில்லை. அக்காவின் படுக்கை விரிப்பின் நடுவில் பள்ளம். கைவைத்துப் பார்த்தாள். சொதசொதவென்று ஈரம். ஜன்னல் வழியாக அலை தெறித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்; ஜன்னல் திருகி மூடப்பட்டிருந்தது. வாடை தலையணையிலிருந்து வந்தது. விரிப்பைச் சுருட்டிக் கதவுக்கு வெளியே வைத்தாள். தாழ்ப்பாள் போட்டாள். போட்டதை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

படுக்கும் நேரமாகியும் வெளிச்சம் போகவில்லை. திரையின் ஓரங்களில் சாம்பல் நிறத்தில் அது ஒழுகிக்கொண்டே இருந்தது. அந்த வெளிச்சத்தில் எந்தப் பொருளுக்கும் நிழல் இல்லாததால், எது எங்கே இருக்கிறது என்பதே நிச்சயமில்லாமல் இருந்தது. அவள் மருத்துவமனையில் காது பரிசோதிப்பவள். இருபது வருடங்களாக ஒலி புகாத அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, மிக மெல்லிய சத்தங்களை அனுப்பி, கேட்டால் கையைத் தூக்கச் சொல்பவள். அதனால் கப்பலின் ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாகப் பிரித்தாள். இயந்திரத்தின் அடித்தொண்டை முனகல். குழாய்களில் ஓடும் தண்ணீர். பலகைகளின் நெரிசல். பக்கத்து அறையில் தபால்காரரின் குறட்டை. எல்லாவற்றையும் ஒதுக்கிய பிறகும் ஒன்று மிச்சம் இருந்தது. நீளமாக உள்ளே இழுத்து, வெகுநேரம் பிடித்துவைத்து, பிறகு ஒரேயடியாக விடும் மூச்சு. தண்ணீருக்கடியில் இருந்து பழகிய ஒன்றின் மூச்சு.

குளியலறைக்குள்ளிருந்து.

சத்தமே அனுப்பாதபோதும் கையைத் தூக்குகிறவர்கள் உண்டு. பயந்தவர்கள். தனியாக வாழ்பவர்கள். அவர்கள் அட்டையில் அவள் ஒரு சின்னப் புள்ளி வைப்பாள். தனக்கும் இப்போது ஒரு புள்ளி வைக்கலாம் என்று நினைத்துக் கண்ணை இறுக்கி மூடினாள்.

"நீ முன்னாடி போடி," என்றது அக்காவின் குரல், கதவுக்கு அந்தப் பக்கம். "நான் பின்னாலேயே வந்துடறேன்."

அவள் அசையவில்லை. கைபேசி அவள் கைக்குள்தான் இருந்தது. அணைந்திருந்தது.

இருமல் வந்தது. அக்காவின் அதே வறட்டு இருமல். அதன்பின் ஒரு நொடி இடைவெளி விட்டு, அதே தொண்டையிலிருந்து, அறிவிப்பு மணி வந்தது. டிங். டாங். பிறகு தள்ளுவண்டிச் சக்கரத்தின் கிறீச்சும் வந்தது, நாக்கை மேலண்ணத்தில் தேய்ப்பதுபோல. எது பேச்சு, எது மணி, எது சக்கரம் என்று அதற்குத் தெரியவில்லை. கேட்டதை எல்லாம் ஒன்றாக விழுங்கி, ஒன்றாகத் திருப்பிக் கொடுத்தது.

எப்படிக் கதவைத் திறந்தாள், எப்படி வெறுங்காலோடு வழிகாட்டியின் அறை வரை ஓடினாள் என்பது அவளுக்கு நினைவில்லை.

வழிகாட்டி அவளைக் கேலி செய்யவில்லை. கேப்டனை எழுப்பினாள். மூவரும் குளியலறையைத் திறந்து பார்த்தார்கள். தரையில் அரை விரற்கடை உப்புத் தண்ணீர். வேறு ஒன்றும் இல்லை. கேப்டன் பயணிகள் எல்லோரையும் சாப்பாட்டு அறைக்கு வரவழைத்து, ஹூட்டைக் கழற்றச் சொல்லி எண்ணினார். ஒன்பது. கப்பல் முழுக்கத் தேடினார்கள். சரக்கு அறை, இயந்திர அறை, கயிற்றுக் கிடங்கு. யாரும் இல்லை.

"மூணு நாளா தூங்காம அலைஞ்சு வந்திருக்கீங்க," என்றார் கேப்டன், அன்பாகத்தான். "கடல்ல சத்தம் எங்கேருந்தோ எங்கேயோ போகும் மேடம். உங்களுக்குத் தெரியாததா?"

அவர் போனபிறகு வழிகாட்டி அங்கேயே நின்றாள். "தீவுல நீங்க அந்தப் பிளவுகிட்ட உட்கார்ந்து ஏதோ போட்டுக் கேட்டீங்க இல்ல?"

"அக்கா அனுப்பினது."

"அப்பதான் மொத்தக் கரையும் அமைதியாச்சு. பதினஞ்சு வருஷமா வர்றேன். ஒரு குட்டிகூடக் கத்தாம நான் பார்த்ததில்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எல்லாம் தலையைத் திருப்பி உங்க பக்கம் பார்த்துச்சுன்னு நினைச்சேன். இப்ப யோசிச்சா, உங்களுக்குப் பின்னாடி பார்த்துச்சுங்க."

மறுநாள் மூடுபனி. கப்பலின் முனையில் நின்றால் பின்புறம் தெரியவில்லை. தளத்தில் எல்லோரும் ஹூட் போட்டு, கம்பியைப் பிடித்தபடி, தெரியாத பறவைகளைத் தேடி நின்றார்கள். சிவப்பு முதுகுகள். அவள் எண்ணினாள். தன்னைச் சேர்த்து ஒன்பது. சற்றுப் பொறுத்து மறுபடி எண்ணினாள். பத்து. வரிசையின் கோடியில் நின்ற முதுகு மற்றவர்களைவிட அகலமாக இருந்தது. அலைக்கு எல்லோரும் இடமும் வலமுமாக ஆட, அது மட்டும் ஆடவில்லை. ஜாக்கெட்டின் இரு கைகளும் பக்கவாட்டில் துவண்டு தொங்கின. அவள் தபால்காரரின் தோளைப் பிடித்து உலுக்கி, காட்டினாள். பனி ஒரு பந்தாக உருண்டு வந்து போனது. கோடியில் யாரும் இல்லை. தளத்துப் பலகையில் ஒரு ஈரத் தடம் மட்டும். காலடித் தடமாக இல்லை. அகலமாக, இழுத்த தடம்.

"நான் ஒண்ணும் பார்க்கலைம்மா," என்றார் தபால்காரர். ஆனால் அன்று முழுக்க அவர் எந்தப் பறவைக்கும் முகவரி சொல்லவில்லை.

மதியம் ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினார். தாமதமாகி நின்றுபோன பயணிகளில் நான்கு பேர் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களை ஏற்றிக்கொள்ளக் கப்பல் திரும்புகிறது. நாளை காலை கரை சேரும். உங்கள் அக்காவும் வருகிறார், மகிழ்ச்சிதானே என்று சமையல்காரர் வந்து சொன்னதும் அவள் கேப்டனின் அறைக்கு ஓடினாள்.

அங்கே செயற்கைக்கோள் தொலைபேசி இருந்தது. கெஞ்சி வாங்கினாள். நான்கு முறை அறுந்து, ஐந்தாவது முறை மணி அடித்தது.

"ஏண்டி, உயிரோட இருக்கியா?" அக்காவின் நிஜமான குரல். களைத்து, எரிச்சலோடு, சிரிப்போடு. அவளுக்கு அழுகை முட்டியது. "இங்க என் கதையைக் கேளு. ரெண்டு நாள் தரையில படுத்து, இடுப்பே போச்சு. கடைசில ஒரு புண்ணியவான் பஸ்ஸுல இடம் பிடிச்சுக் குடுத்தான். சாப்பிட்டியா? குளிருதா?"

"அக்கா. அக்கா, நான் சொல்றதைக் கேளு. நீ வராதே. அங்கேயே இரு."

"என்னடி சொல்றே? ரெண்டு ரெண்டா கேக்குது."

"வராதேன்னு சொல்றேன். கப்பல்ல ஏறாதே, அக்கா."

"அக்கா அக்கான்னு உன் குரலே திரும்பத் திரும்ப வருது. எதிரொலிக்குதுபோல. ஒண்ணும் புரியல."

அவள் வாயை மூடினாள்.

தொலைபேசியில் எதிரொலி இல்லை. கதவுக்கு வெளியே, நடைவழியில், அவளுடைய குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அக்கா. அக்கா. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திருத்தமாக. முதலில் தட்டையாக. பிறகு பதற்றத்தோடு. பிறகு அழுகை முட்டும் இடம் வரை சரியாக.

இவ்வளவு நேரமும் அதற்கு அவள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"சரி விடு," என்றாள் அக்கா தொலைவில். "நாளைக்குக் காலைல துறைமுகத்துல நிப்பேன். பார்த்துக்கலாம்." இணைப்பு அறுந்தது.

அதன்பிறகு அவள் பேசவில்லை. கைபேசியிலிருந்த பதிவுகளை எல்லாம் அழித்தாள். வழிகாட்டியின் அறையில், அவள் படுக்கையின் ஓரத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக் காட்டினாள். அக்காவைக் கப்பல் பக்கம் விடாதீங்க. வழிகாட்டி படித்துவிட்டுத் தலையசைத்தாள். "நான் முதல்ல இறங்கிப் போய் அவங்களைப் பிடிச்சுக்கறேன். நீங்க கவலைப்படாதீங்க." பேசக் கூடாது என்று அவள் வழிகாட்டியின் வாயைத் தன் கையால் பொத்தினாள். இருவரும் அப்படியே இருந்தார்கள். வெளியே, நடைவழியில், ஏதோ ஒன்று சுவரை உரசிக்கொண்டு போனது. நின்றது. வந்தது. கதவின் அடியிடுக்கில் தண்ணீர் கசிந்தது. சாம்பல் வெளிச்சம் மாறவே இல்லை. மணி பார்க்கும்போதெல்லாம் பத்து நிமிடம்தான் போயிருந்தது.

காலையில் இயந்திரத்தின் சுதி இறங்கியது. சங்கு ஊதியது. அவர்கள் தளத்துக்கு ஓடினார்கள்.

பனிக்குள்ளிருந்து துறைமுகம் துண்டு துண்டாக வந்தது. ஒரு விளக்குக் கம்பம். பாரந்தூக்கியின் கழுத்து. ஈரமான கல்தளம். கல்தளத்தின் மேல் நான்கு பேர், பெட்டிகளோடு. அவர்களில் ஒருத்தி குட்டையாக, பழுப்பு நிறக் கோட்டும் கழுத்துத் துணியுமாக, இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக்கொண்டு.

அக்கா.

கயிறுகள் பறந்தன. கப்பல் கரையில் இடித்தது. வழிகாட்டி இறங்கும் பலகையை நோக்கி ஓடினாள். பலகை இன்னும் பாதிதான் இறங்கியிருந்தது. கடலோடிகள் அவளைத் தடுத்து நிறுத்தினார்கள்.

"பொறுங்க மேடம், கட்டலை இன்னும்!"

அப்போது கப்பலின் முன்பக்கம், பனிக்குள், தண்ணீர் தளும்பியது. கனமான ஒன்று கல்லின் மேல் ஏறும் சத்தம். சொத். சொத்.

கல்தளத்தில் ஒரு சிவப்பு ஜாக்கெட் நின்றது. தலையில் ஹூட். தண்ணீர் சொட்டியது.

அக்கா அதைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

தளத்தில் நின்ற தங்கை கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை முழுதாக இழுத்து, இரவெல்லாம் சேர்த்துவைத்திருந்த குரல் முழுவதையும் கொண்டு கத்தினாள். "அக்கா!"

"அக்கா!" என்றது அது.

அதே நொடி. அதே சுருதி. அதே பதற்றம். இரண்டு குரல்களும் ஒன்றின்மேல் ஒன்று பிசிறில்லாமல் படிந்து, ஒன்றாகவே கேட்டன. இருபது வருடம் காதுகளோடு பழகியவளாலேயே பிரிக்க முடியவில்லை.

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெட்டியை விட்டுவிட்டு ஓடினாள். "வந்துட்டேன்டி!" என்றாள் சிரித்துக்கொண்டே. கைகளை விரித்தாள். சிவப்பு ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டாள். ஹூட்டுக்குள் கன்னத்தை வைத்தாள்.

ஜாக்கெட்டின் கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. காலியாக.

ஆனாலும் ஏதோ ஒன்று அக்காவைத் திருப்பி அணைத்தது. பழுப்புக் கோட்டின் முதுகு உள்நோக்கி மடிந்தது. அக்காவின் முகம், அதன் தோளுக்கு மேல், கப்பலின் பக்கம் திரும்பியது. கம்பியருகே நின்ற தங்கையைக் கண்டது. சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் அவளையும், தான் அணைத்திருப்பதையும் மாறி மாறிப் பார்த்தன.

பலகை தடாலென்று கல்லில் விழுந்தது. வழிகாட்டி இறங்கி ஓடினாள்.

அக்காவின் குதிகால்கள் ஈரக் கல்லிலிருந்து மெல்ல மேலெழும்பின. பிறகு கால்விரல்களும்.